தோண்டிய குழியை ஏன் மூடுகிறார்கள்?

இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தின் கோட்டைமேட்டில் அகழாய்வு செய்த குழிகளை மறுபடியும் மண்ணிட்டு மூடிவிட்டார்கள் என்ற மனக்குறை எங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் ஆறவில்லை. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே உள்ள அந்த மேட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87இல் தோண்டத் தொடங்கி, இடைவெளிவிட்டுப் பல பருவங்கள் தொடர்ந்து, 2016-17இலும் தோண்டியது. ரோமானியப் பேரரசர்கள் இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் ஆகியோர் காலத்துக் காசுகள், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த சாடிகளின் துண்டுகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், கப்பலின் உருவம் கீறிய ஓடு என்று அங்கே கிடைத்தவற்றைச் செய்தித்தாளில் படித்துவிட்டு நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு மண்ணும் முள்செடியும்தான் தென்படுகின்றன. “வெளிநாடாக இருந்தால் கண்ணாடிக் கூண்டு போட்டு வைத்திருப்பான் தம்பி, நம்ம ஊரில்தான் மூடிவிட்டுப் போகிறான்” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடமே சொன்னார். வெளிநாட்டில் அப்படியோர் இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்பதால் அவருக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருந்தது. மூடியது சரிதான் என்பதே என் பதில். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, ஒரு வரியில் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்தான். ஆகவே, பார்த்ததையும் கற்றதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டடப் பொறியியலில் பட்டயம் முடித்த எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் பலரையும்போல நானும் வளைகுடாவுக்குப் போனேன். ஓமான் நாட்டின் தெற்கே, சலாலா நகரில், சாலையோர நடைபாதையும் சுற்றுச்சுவரும் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தேன். அந்த ஒப்பந்தக்காரருக்குத் தொல்லியல் இடங்களின் பராமரிப்பு வேலையும் வந்தபோது, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். என் தாத்தா கொத்தனார். கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன் என்ற ஒரே தகுதியோடு கைதூக்கினேன். அப்படித்தான் சும்ஹுரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சலாலாவிலிருந்து கிழக்கே, தாக்கா என்னும் ஊரைக் கடந்து, கோர் ரோரி என்ற உப்பங்கழியின் கரையில் ஒரு குன்றின்மேல் இருக்கிறது அந்தத் தொல்நகரம். ஏமனின் ஹத்ரமவுத் அரசர்கள் சாம்பிராணி வணிகத்துக்காகக் கட்டிய கோட்டைத் துறைமுகம் அது; கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் எழுந்து, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் கைவிடப்பட்டது. வாயிலில் தென்னரேபிய எழுத்துக் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில், தமிழகக் கரையிலிருந்தும் குஜராத்தின் பருகச்சத் துறைமுகத்திலிருந்தும் பருவம் தவறித் திரும்பும் கப்பல்கள் இங்கே குளிர்காலம் கழித்து, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துச் சாம்பிராணி வாங்கிச் சென்றதாக எழுதியிருக்கிறார். 1950களில் அமெரிக்கக் குழு ஒன்று இங்கே தோண்டியது. 1990களின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியின் பீசா பல்கலைக்கழகக் குழு, அலெசாந்திரா அவன்சினி தலைமையில், நீண்ட காலம் தோண்டியும் பாதுகாத்தும் வந்தது. சலாலா நகருக்குள்ளேயே இருக்கும் அல்-பலீத் என்ற இடைக்காலத் துறைமுகத்தில் ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தினர் வேலை செய்தார்கள். இவ்விரண்டோடு உபர் பாலைவனக் குடியிருப்பும் தவ்கா ஓடைச் சாம்பிராணி மரக்காடும் சேர்ந்து, 2000இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின.

இங்கே கிடைத்த ஒரு பானை ஓட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. உடைந்த பானையின் துண்டை மூடியாகச் செதுக்கிப் பயன்படுத்தியிருந்த அந்த ஓடு 2006இல் குடியிருப்புப் பகுதி ஒன்றில் கிடைத்தது. தோண்டியவர்களுக்கு அதன் எழுத்துப் புரியவில்லை. ஆனாலும் எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று எழுதி, எண்ணிட்டு, பத்திரமாக வைத்திருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து இந்திய ஆய்வாளர்களின் கண்ணில் பட்டபோதுதான் அது தமிழ் பிராமி என்பதும், ‘ணந்தை கீரன்’ என்ற ஆள்பெயர் என்பதும் தெரிந்தன. நம் ஆள் ஒருவன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போய்ச் சோறு பொங்கியிருக்கிறான் என்று எங்கள் தொழிலாளர் முகாமில் எல்லோருக்கும் பெருமைதான். எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது, படிக்கத் தெரியாத எழுத்தைக்கூட இத்தனை ஆண்டுகள் அடையாளம் குலையாமல் வைத்திருந்த அந்தப் பதிவேடு.

பதிவேடுதான் அங்கே முதல் பாடமாகவும் இருந்தது. சுவரில் ஒரு கல் ஆடுகிறது என்றால், கரணையைக் கையில் எடுப்பதற்கு முன்பு அந்தச் சுவரை அளவுகோலோடு படம் எடுக்க வேண்டும். படத்தை அச்சிட்டு அதன்மேல் எந்தக் கல், கற்களுக்கு இடையே எந்தச் சந்து என்று குறிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே இடத்திலிருந்து மறுபடி படம் எடுக்க வேண்டும். கொத்தனார்கள் முதலில் சிரித்தார்கள். மழைக்காலம் கழிந்து வந்து பார்க்கும்போது, விரிசல் பழையதா புதியதா, நாம் வைத்த சாந்து உதிர்ந்ததா அதற்குப் பக்கத்துக் கல் உதிர்ந்ததா என்பதைப் படத்தை வைத்து ஒரு நொடியில் சொல்ல முடிந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது.

இரண்டாவது பாடம் உப்பு. கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் சுவரை உப்பு எப்படித் தின்கிறது என்பதை நான் அங்கேதான் சரியாகப் புரிந்துகொண்டேன். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக் கரைகிறது. அதற்குக் கீழே இறங்கும்போது மறுபடி படிகமாகிறது. கடலோரத்தில் விடியற்காலை ஓதமும் நண்பகல் வெயிலும் மாறிமாறி வருவதால் இந்தக் கரைதலும் உறைதலும் கல்லின் நுண்துளைகளுக்குள் அநேகமாக ஒவ்வொரு நாளும் நடக்கின்றன. படிகம் வளரும் நெருக்குதலில் கல்லின் மேல்தோல் பொரிந்து மாவாக உதிர்கிறது. எங்கள் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூத்து நிற்கும் வெள்ளை உப்பை ஆண்டுதோறும் துடைத்துவிட்டு வண்ணம் பூசிய அம்மாவுக்கு இதை விளக்கியபோது, “அப்போ இத்தனை வருசமா நான் துடைச்சது சுவரையாடா?” என்று கேட்டார். பாதி உண்மை அது.

மண்ணுக்குள் புதைந்திருக்கும் சுவருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஈரமும் வெப்பமும் ஆண்டு முழுவதும் பெரிய மாற்றமின்றி இருப்பதால் உப்பு இருந்தாலும் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. ஈராயிரம் ஆண்டு அப்படிக் கிடந்த சுவரைத் தோண்டி வெயிலில் நிறுத்தினால், உள்ளிருக்கும் ஈரம் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. உப்பும் கூடவே வந்து மேற்பரப்பில் சேர்கிறது. நூற்றாண்டுகளில் நடக்காத சேதம் சில மழைக்காலங்களில் நடந்துவிடுகிறது. பெரியவருக்கு நான் சொல்லவேண்டிய பதிலின் முக்கால் பங்கு இதற்குள் அடங்கும்.

இதற்கு மிகப் பெரிய சான்று மொகஞ்சதாரோ. 1920களில் தோண்டித் திறந்த செங்கல் நகரம், அடியில் நிலத்தடி நீர் ஏறியதாலும் அந்நீரில் கரைந்த சோடியம் சல்பேட் போன்ற உப்புகளாலும் கண்ணெதிரே உதிரத் தொடங்கியது. 1964-65க்குப் பிறகு அங்கே பெரிய அகழாய்வுகளே நடக்கவில்லை. 1974 முதல் 1997 வரை யுனெஸ்கோ பன்னாட்டு இயக்கம் ஒன்றை நடத்தி, நீர்மட்டத்தை இறக்க ஆழ்குழாய்க் கிணறுகளையும் சிந்து நதி கரையை அரிக்காமலிருக்கத் தடுப்புகளையும் அமைத்தது. ஆனால் அன்றாடம் அந்தச் சுவர்களைக் காத்துவருவது விலையுயர்ந்த இயந்திரம் எதுவுமில்லை. உப்பில்லாத மண்ணைக் குழைத்துச் சுவர்மேல் பூசும் மண்பூச்சுதான். உப்பு வெளியே வரும்போது அந்தப் பூச்சில் தங்குகிறது; பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசுகிறார்கள், அடியிலுள்ள பழைய செங்கல் தப்புகிறது. பூசும் கை நின்றால் செங்கல் உதிரத் தொடங்கும். 2022 ஆகஸ்டில் பெய்த பேய்மழையில் அங்கே சுவர்கள் சரிந்ததைச் செய்தியில் பார்த்தபோது, திறந்த இடத்தைக் காப்பது என்பது முடிவே இல்லாத செலவு என்பது எனக்கு மறுபடியும் உறைத்தது.

சும்ஹுரத்தில் வேலை செய்தபோது சிமெண்டைத் தொடவே விடவில்லை. எங்கள் கொத்தனார்களுக்கு இதைப்போலப் புரியாத விஷயம் வேறொன்றும் இருந்ததில்லை. வலுவான பொருளை விட்டுவிட்டு வலுவற்றதை ஏன் வைக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சிமெண்டுச் சாந்து கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை வெளியே விடாதது, போதாக்குறைக்குத் தன்னுள்ளேயே கரையும் உப்புகளையும் கொண்டது. சந்தில் அதை வைத்து அடைத்தால், சந்து வழியாக வெளியேற வேண்டிய ஈரம் கல்லின் வழியாக வெளியேறுகிறது. சில ஆண்டுகளில் சிமெண்டுச் சட்டம் அப்படியே நிற்க, அதற்கு நடுவிலிருந்த கல் குழிந்து போகிறது. எங்கள் கடற்கரையில் பழைய மண்டபங்களையும் பள்ளிவாசல்களையும் பார்க்கிறவர்கள் இந்தக் காட்சியைப் பல இடங்களில் காணலாம். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. கெட்டால் அதுதான் முதலில் கெடும், அதைத்தான் எளிதாக மாற்றவும் முடியும்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் மூடி நிற்கும்படி தொட்டியில் எவ்வளவு நாள் ஊறவைக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது. நீறாத கட்டி ஒன்று இருந்தாலும் அது பின்னால் சுவருக்குள் நீறி உப்பி, பூச்சைத் தள்ளிவிடும். மணல் கடல்மணலாக இருக்கவே கூடாது. ஆற்றுமணலையும் கழுவிச் சலித்தே எடுக்க வேண்டும். சந்தை இரும்பு உளியால் பலமாக அடிக்காமல், கையால் சுரண்டி, தூசு போக நீர்தெளித்து, பிறகு சாந்தை அழுத்தி வைக்க வேண்டும். வைத்தபின் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் மறுபடி கல்லாகிறது, அதற்கு மெல்லிய ஈரம் தேவை. வெயிலில் வெடுக்கென்று காய்ந்தால் வெறும் மாவாகிவிடும். சலாலாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கரீஃப் என்னும் தென்மேற்குப் பருவச் சாரல் விடாமல் பெய்யும் என்பதால் வேலை முழுவதும் அதற்குப் பிறகுதான். எங்கள் இராமநாதபுரம் கரைக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே தோதானவை. பங்குனி வெயிலில் சுண்ணாம்பைத் தொடாமலிருப்பது நல்லது.

சுவரின் தலைப்பகுதி தனிக் கவனம் பெற்றது. இரண்டு முகங்களுக்கு நடுவே கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிய சுவர்கள் அவை. தலை திறந்திருந்தால் மழை உள்ளே இறங்கி நடுப்பகுதியை ஊதிவிடும். பழைய வரிசைக்கு மேலே, நீர் வழிந்தோடும் சரிவோடு, புதிய கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒரு தொப்பி வைத்தோம். அந்தத் தொப்பி எங்கே தொடங்குகிறது என்பது பிற்காலத்தவருக்குத் தெரிய வேண்டும் என்று, பழைய கல்லுக்கும் புதிய கல்லுக்கும் இடையில் மெல்லிய கோடு ஒன்றை விட்டுவைத்தோம். புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்பதும், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்பதும் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிகளைச் சொல்லும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தில் எழுதப்பட்டவை. கோபுரத்தை எப்படியாவது முழுசாக்கிக் காட்டிவிட வேண்டும் என்ற நம் ஆசைக்கு அது கசப்பான மருந்து.

பன்னாட்டு முயற்சி என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எகிப்தின் அபு சிம்பல். அஸ்வான் அணையில் மூழ்கவிருந்த கோயில்களை 1964 முதல் 1968 வரை துண்டுதுண்டாக அறுத்து, பழைய இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில் மறுபடி பொருத்தினார்கள். ஐம்பது நாடுகளளவில் உதவின. மாபெரும் சாதனைதான். ஆனால் படம் எடுக்கத் தக்க ஆபத்துக்கு மட்டுமே உலகம் பணம் தரும் என்ற பழக்கத்தையும் அது உண்டாக்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆண்டுதோறும் சாந்து பூசுவதற்கும், வடிகால் தூர் வாருவதற்கும், காவலாளிக்குச் சம்பளம் தருவதற்கும் எந்த நாட்டுத் தூதரும் விழா நடத்துவதில்லை. உலக மரபுப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் பிழைத்துவிட்டோம் என்பதும் இல்லை. ஓமானிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. பஹ்லா கோட்டை 1987இல் உலக மரபுச் சின்னமாகி, மறு ஆண்டே ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது; மண்கட்டடக் கலை தெரிந்த கைகளைக் கொண்டு நீண்ட காலம் வேலை செய்து 2004இல்தான் அதிலிருந்து மீண்டது. அரேபிய ஓரிக்ஸ் மான் சரணாலயமோ, பரப்பளவில் பெரும்பகுதி குறைக்கப்பட்டதால், 2007இல் உலக மரபுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

ஊருக்குத் திரும்பியபின் இவற்றில் எவையெல்லாம் இங்கே பயன்படும் என்று யோசித்தேன். கோட்டைமேட்டைப் பொறுத்தவரை, மூடுவதை எதிர்ப்பதைவிட எப்படி மூடுகிறார்கள் என்று கவனிப்பதே ஊராரின் வேலை. குழியின் அடியில் தூய மணலோ நீர் புகும் செயற்கை நெசவுத் துணியோ விரித்த பின்பே மண்ணைக் கொட்ட வேண்டும். பின்னால் தோண்டுகிறவர்களுக்கு முந்தைய அகழாய்வு எங்கே நின்றது என்பது அதனால் தெரியும். பாலித்தீன் விரிப்பு கூடாது, அது ஈரத்தைப் பூட்டிவைக்கும். மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி, சுற்றியுள்ள தரையைவிடச் சற்றே உயர்த்தி, மழைநீர் தேங்காதபடி சரிவுவிட்டு முடிக்க வேண்டும். மேட்டில் முளைக்கும் சீமைக்கருவேலத்தை இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கினால் மண்ணடுக்குகளும் சேர்ந்தே வந்துவிடும். தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, தழையத் தழைய மறுபடி அறுப்பதே முறை. வேர் உள்ளேயே மட்கட்டும்.

இறால் பண்ணைக்கோ வீட்டு அடித்தளத்துக்கோ தோண்டும்போது பானை ஓடோ காசோ கிடைத்தால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். அந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்திவிட்டு, பொருள் கிடந்த நிலையிலேயே, பக்கத்தில் ஒரு பேனாவையோ தீப்பெட்டியையோ வைத்துப் படம் எடுங்கள். எவ்வளவு ஆழம் என்பதை எழுதுங்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், எலுமிச்சையும் புளியும் போட்டுக் காசைப் பளபளப்பாக்கினால் அதிலுள்ள எழுத்து முதலில் போய்விடும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் தெரிவித்து, கொடுத்ததற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவித்தால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அச்சம்தான் பல பொருள்களை இருட்டில் விற்கவைக்கிறது. இந்த அச்சத்தைப் போக்கும் வேலையை அலுவலர்கள் கூட்டம் போட்டுச் செய்தால் ஓர் அகழாய்வுப் பருவத்துக்கு நிகரான பலன் இருக்கும் என்பது என் எண்ணம்.

கீழக்கரை முதல் பாம்பன் வரை பவளக்கல்லில் கட்டிய பழைய வீடுகளும் தொழுகையிடங்களும் இன்னும் சில நிற்கின்றன. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவர்களும் அந்தக் கல்தான். 2001இல் பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டதால் இனி அந்தக் கல் கிடைக்காது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் ஒரே வழி. அப்படிப்பட்ட வீடு வைத்திருப்பவர்கள் சிமெண்டுப் பூச்சையும் பிளாஸ்டிக் வண்ணத்தையும் தவிர்த்து, ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்படித்தாலே சுவர் மூச்சுவிட்டுக்கொண்டு நெடுநாள் நிற்கும். சுண்ணாம்புக் காளவாய்கள் அநேகமாக அணைந்துவிட்ட நிலையில் நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைப்பது அரிதாகி வருகிறது. கிடைக்கும் ஊரைத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்ததும், ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா தமிழக அறிஞர்களோடு சேர்ந்து அவற்றை ஆராய்ந்ததும் பலர் அறிந்ததே. வெளிநாட்டுக் குழு இந்தக் கரைக்கு வருவது புதிதும் அல்ல, வராமல் போகப்போவதும் இல்லை. அடுத்த முறை எந்தக் குழு வந்தாலும் ஊர்க்கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம் என்று பெரியவரிடம் சொன்னேன். கிடைக்கும் பொருள்கள் எங்கே, யார் பொறுப்பில் இருக்கும்? அறிக்கை தமிழில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருமா? திறந்தே விடுவதாக இருந்தால், அதைப் பராமரிக்கும் பணம் எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு வரும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மூடச் சொல்லுங்கள் என்றேன். “அப்போ கண்ணாடிக் கூண்டு?” என்றார். கூண்டுக்குள் வெப்பமும் ஈரமும் சேர்ந்து பாசி பிடிக்கும் என்பதை விளக்கத் தொடங்கினேன்; அவர் இராமநாதபுரத்து இராமலிங்க விலாசம் அரண்மனையில் உள்ள தொல்லியல் துறைக் காட்சியகத்துக்குப் பேரனை அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.